எந்தக் கடலை?

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஒருதரம்'. லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, துடைத்து உறைக்குள் போட்ட பிறகும், "இருங்க, ஒருதரம் பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று மறுபடி வெளியே எடுப்பாள். வாடிக்கையாளர் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். முதலாளி கூரையைப் பார்ப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பெரியவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் தலைவலியோடு அதையே போட்டுக்கொண்டு நடமாடிய மனிதர், ஒரு நாள் படியில் கால் தவறி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்தார். "புதுக் கண்ணாடின்னா பழகணும்னு சொன்னீங்களேம்மா, பழகிட்டே இருந்தேன்" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறு மாதத்தில் மறந்திருப்பாள். திட்டாமல் போனது இருபத்திரண்டு வருஷமாக அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த அரிப்பு கடையோடு நிற்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பு, குழாய், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு திரும்பல் உண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவர் படுத்தவுடன் தூங்குகிற ஜாதி. "இவளோட ஊருக்குப் போகணும்னா ரெண்டு டிக்கெட் எடுக்கணும். ஒண்ணு விட்ட ரயிலுக்கு, ஒண்ணு போற ரயிலுக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. அம்மாவோடு வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்போடு நின்று நின்று அவளுக்கு அலுத்துவிட்டது.

அவள் மனம் ஓரளவு அடங்குகிற ஒரே இடம் இயற்கை உணவுக் கடை. அந்தக் கடைக்குத் தனி முதலாளி கிடையாது. அக்கம்பக்கத்து அறுநூறு குடும்பங்கள் ஆளுக்கொரு பங்கு போட்டு நடத்துவது. பங்குதாரர் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் அங்கே வேலை செய்ய வேண்டும். பெட்டி பிரிப்பது, தரை கூட்டுவது, கீரைக்குத் தண்ணீர் தெளிப்பது என்று எது வாய்க்கிறதோ அது. எல்லாரும் அதை 'நம்ம கடை' என்றே சொல்வார்கள். "நம்ம கடைதானே, அப்புறம் ஏன் காசு கேக்கிறாங்க?" என்று அவள் கணவர் கேட்காத வாரம் இல்லை.

அங்கே சாமான் வாங்குவதே ஒரு தனி வேலை. வீட்டிலிருந்து கண்ணாடிச் சாடிகளைத் துணிப்பையில் சுமந்து போக வேண்டும். வெறும் சாடியைத் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் மூடியில் எழுத வேண்டும். சுவரோடு சுவராக வரிசையாக நிற்கும் பெரிய டப்பாக்களிலிருந்து பருப்போ மாவோ தேவையான அளவு அள்ளிக்கொண்டு மறுபடி எடை போட வேண்டும். எதையும் இரண்டு முறை பார்ப்பது அங்கே சட்டம். அவள் தராசு முன்னால் நிற்பதைப் பார்த்து யாரும் கூரையைப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய முறை. ஒன்பது மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். எட்டே காலுக்கு மகள் வழிமறித்தாள்.

"அம்மா, ஒரு பந்தயம்."

"நேரமாச்சுடி."

"அதைத்தான் சொல்றேன். இன்னைக்கு ஒரே ஒரு நாள், எதையும் ரெண்டாவது தடவை பார்க்காம இரு. பூட்டுனா பூட்டுனதுதான். வச்சா வச்சதுதான். சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சேன்னா ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"இருபத்திரண்டு வருஷமா ஏதாவது ஆயிருக்கா? நீ பார்த்ததால ஆகாம இருக்கா, இல்ல ஆகவே ஆகாததைப் பார்த்துட்டு இருக்கியா? ஒரு நாள்தானேம்மா."

மகள் கேலியாகச் சொல்லவில்லை. கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் பூட்டைப் பூட்டினாள், சாவியைப் பையில் போட்டாள், நடந்தாள். தெருமுனையில் கால் தானாகத் தயங்கியது. பேருந்து வந்ததும் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது உள்ளங்கை வேர்த்திருந்தாலும், தோளிலிருந்து ஏதோ ஒன்றை இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது.

கடையில் மேலாளர் பெண் துறுதுறுவென்று இருப்பவள். சம்பளத்துக்கு இருக்கும் நான்கு பேரில் ஒருத்தி. "அக்கா, வாங்க. மாவு டப்பா நாலு காலி. கழுவிக் காயவச்சிருக்கேன். உள்ளேயிருந்து மூட்டை எடுத்து ரொப்பிடுங்க" என்று ஒரு நீல மூக்குக்கவசத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். மாவு கொட்டும்போது தூசு ஏறாமலிருக்க அதைப் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம்.

கோதுமை ஆயிற்று, கேழ்வரகு ஆயிற்று, அரிசி ஆயிற்று. நான்காவது கடலை மாவு. சரக்கறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஏற்கெனவே பிரித்த மூட்டை ஒன்று, வாய் சுருட்டப்பட்டு நின்றது. சுருட்டலுக்குக் கீழே 'கடலை மாவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தூக்கி வந்து டப்பாவில் கவிழ்த்தாள். வெளிர் மஞ்சளாக, புகைபோல இறங்கியது. வேறு நாளாக இருந்தால் மூட்டையை வைக்கும்போது சுருட்டலைப் பிரித்து, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் படித்திருப்பாள். படிக்க வேண்டும் என்று விரல் துடிக்கவும் செய்தது. 'வச்சா வச்சதுதான்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைச் சாத்தினாள். அப்போது மணி பத்தரை.

பன்னிரண்டுக்கு முறை முடிந்தது. தன் வீட்டுக்கும் சாமான் எடுத்துக்கொண்டாள்: துவரம் பருப்பு, வெல்லம், கொஞ்சம் எள், ஒரு சாடி கடலை மாவு. வீடு பூட்டியபடியே இருந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது மகள், "பார்த்தியா, உலகம் இடியல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இரண்டு மணி வாக்கில் மாவை டப்பாவுக்கு மாற்றச் சாடியைத் திறந்தாள். வாசனை முகத்தில் அறைந்தது. கடலை மாவின் பச்சை வாடை இல்லை. எண்ணெய்ப் பசையோடு, வறுத்த மாதிரி, நன்றாகத் தெரிந்த வாசனை. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். வேர்க்கடலை.

அப்போதுதான் மூட்டையின் வாய் கண்முன் வந்தது. பெயரை இரண்டு வரியாக அச்சடித்திருப்பார்கள். 'வேர்க்' என்பது மேல் வரியில். அந்த வரிதான் சுருட்டலுக்குள் போயிருந்தது.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"கொட்டிட்டேன். மாத்திக் கொட்டிட்டேன்."

"மாவுதானேம்மா, போன் பண்ணிச் சொன்னா..."

"வேர்க்கடலை ஒத்துக்காதவங்க வாங்கியிருந்தா? தொண்டை அடைச்சுக்கும். சின்னக் குழந்தைன்னா..." போனை எடுத்துக் கடைக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது முறைதான் மேலாளர் எடுத்தாள்.

"இருங்கக்கா, பார்க்கிறேன்." போனை மேஜையில் வைக்கும் சத்தம். நடக்கும் சத்தம். திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "ஆமாக்கா. அதேதான். டப்பாவை எடுத்து உள்ள வச்சுட்டேன். யார் யார் வாங்கினாங்கன்னு பில் மெஷின்ல பங்குதாரர் எண் இருக்கும். நான் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன், நீங்க பதறாதீங்க."

பதறாமல் வீட்டில் உட்காருவது அவளால் ஆகிற காரியமா? செருப்பை மாட்டினாள். மகளும் கூடவே ஓடி வந்தாள். வாடகைக் காரில் ஏறினார்கள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் வேண்டுமென்றே அவளுக்காக எரிவதுபோல இருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். "உங்களை விட்டா அஞ்சு பேர். நாலு பேர் போனை எடுத்துட்டாங்க, மாவை யாரும் இன்னும் பிரிக்கவே இல்ல. அஞ்சாவது நீச்சல் மாஸ்டர். பத்தே முக்காலுக்கே வாங்கியிருக்கார். போனை எடுக்கல."

"எங்க இருப்பார்?"

"சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு வகுப்பு. பொதுக் குளம், ரெண்டு தெரு தள்ளி. போனைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத்தான் தண்ணியில இறங்குவார்." மேலாளர் காகிதத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, அவர் பிள்ளைங்களுக்கு பிஸ்கட் சுட்டு எடுத்துட்டுப் போவார். கோதுமை ஒத்துக்காத பையன் ஒருத்தன் இருக்கான்னு கடலை மாவுலதான் சுடுவார்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஐம்பது வயதை நெருங்குகிறவள், முழங்கால் சரியில்லாதவள், பட்டப்பகலில் நடைபாதையில் ஓடினாள். மகள் பின்னாலிருந்து "அம்மா, வண்டி! வண்டி!" என்று கத்துவது எங்கோ கேட்டது. குளத்து வாசலில் சீட்டுக் கேட்ட ஆளை அப்படியே தாண்டி உள்ளே போனாள்.

குளோரின் நெடி, பிள்ளைகளின் கூச்சல், ஈரத் தரை. ஓரத்து பெஞ்சில் ஒரு பெரிய தகர டப்பா திறந்திருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க! அதுல வேர்க்கடலை இருக்கு!"

அந்தக் குரல் தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. கூச்சல் நின்றது. தண்ணீரிலிருந்து மாஸ்டர் ஏறி வந்தார். நரைத்த தலை, கழுத்தில் விசில்.

"என்னம்மா சொல்றீங்க? அது கடலை மாவு. நம்ம கடையில விசாரிச்சு வாங்கினது."

"டப்பாவுல தப்பா கொட்டியிருக்கு. முகர்ந்து பாருங்க."

"எனக்கு முப்பது வருஷ குளோரின்ல மூக்கு செத்துப் போச்சும்மா. கோகோ வேற போட்டிருக்கேன்..." சொல்லிக்கொண்டே அவர் முகம் வெளிறியது. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பச்சைத் தொப்பி போட்ட எட்டு வயதுப் பெண்ணிடம் பார்வை நின்றது. அவள் கையில் பாதிப் பிஸ்கட் இருந்தது.

"வாய் குறுகுறுங்குது சார்" என்றாள் அந்தப் பெண். "அம்மாகிட்ட சொன்னேன். குளத்துத் தண்ணின்னு சொன்னாங்க."

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த தாய் அதற்குள் பையைக் கவிழ்த்துவிட்டாள். சீப்பு, சாவி, தண்ணீர் பாட்டில் எல்லாம் உருண்டோடின. மஞ்சள் உறையிலிருந்து, மகளின் ஒவ்வாமைக்கென்று எப்போதும் கூடவே வைத்திருக்கும் ஊசிப் பேனாவை உருவினாள். பல தடவை பழகிய கை. மகளை மடியில் சாய்த்துத் தொடையில் குத்தி, உதடு அசைய எண்ணினாள். குழந்தையின் கழுத்தில் சிவப்புத் தடிப்பு ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஆம்புலன்சுக்குப் பேசினார். மற்ற பிள்ளைகள் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுச் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். பையன் ஒருவன், "எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

ஆம்புலன்ஸ் வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஆனால் விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரி அந்த மூச்சை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் இருந்ததில்லை.

மருத்துவமனை நடைபாதையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதுகூடப் பொய். எழுவாள், கதவுவரை போவாள், திரும்புவாள். மகள் ஒரு காப்பி வாங்கி வந்து கொடுத்தாள். அது ஆறிப்போய் நாற்காலிக்கடியில் கிடந்தது.

"அம்மா, நான்தான் காரணம். அந்தப் பந்தயம்..."

"மூட்டையைத் தூக்கினது என் கை."

"இருந்தாலும்..."

"இப்ப பேச வேண்டாம்டா."

ஐந்தரைக்குக் குழந்தையின் தாய் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "தூங்கறா. நல்லாருக்கா. இன்னைக்கு ஒரு ராத்திரி வச்சுப் பார்த்துட்டு விட்டுடறோம்னு சொல்லியிருக்காங்க." பிறகு கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் அப்படிக் கத்தலைன்னா நான் இன்னும் தண்ணியைத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்திருப்பேன். நீங்க கடையில வேலை பார்க்கிறவங்களா?"

அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மகள்கூட அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றாள்.

"நான் பங்குதாரர். இன்னைக்கு என் முறை. அந்த மாவை டப்பாவுல கொட்டினது நான்தான்."

பிடித்திருந்த கை மெதுவாக விலகியது.

"எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"தெரியணும்ல."

"நன்றி சொல்லலாம்னு வெளிய வந்தேன். இப்ப என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க போங்க. தயவுசெய்து போங்க."

அவள் போனாள்.

அடுத்த பத்து நாட்கள் வீடு வீடாக இல்லை. வேலையிடத்தில், உறையில் போட்ட கண்ணாடியை ஐந்து முறை எடுத்துப் பார்த்தாள். ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரம் என்றால் எந்த முதலாளி பொறுப்பார்? "ரெண்டு நாள் வீட்டுல இருந்துட்டு வாங்க" என்றார் அவர். வீட்டில் இருப்பது அதைவிடக் கொடுமை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து தரையே தேய்ந்துவிடும் போலிருந்தது. கணவர் ரயில் நகைச்சுவையை நிறுத்திவிட்டார். பூட்டைப் பார்க்க அவள் திரும்பினால் தானும் பேசாமல் கூடத் திரும்பி வந்தார். மகள் பாத்திரம் கழுவினாள்.

இரண்டாவது வாரம் பங்குதாரர் கூட்டம். கடையிலேயே, அலமாரிகளைத் தள்ளிவிட்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எழுபது பேர் வந்திருந்தார்கள். நடந்ததை மேலாளர் சொன்னாள், பெயர் சொல்லவில்லை.

"மூட்டை மேல அப்படி எழுதி அனுப்பினவங்க தப்பு அது" என்றார் ஒரு வக்கீல்.

"சம்பளம் இல்லாம வந்து உழைக்கிறவங்களைக் குறை சொன்னா நாளைக்கு யார் வருவா?" என்றாள் இன்னொரு பெண்.

"இது எல்லாரோட கடை. தப்பும் எல்லாரோடதும்தான்" என்று பின்வரிசையில் ஒருவர் பெருந்தன்மையாகச் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். விஷயம் அதோடு முடிந்துவிடும் போலிருந்தது.

கண்ணாடிக்காரி எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரோடதும்னா யாரோடதும் இல்லன்னு ஆயிடுங்க. கொட்டினது நான். மூட்டை வாயைப் பிரிச்சுப் படிக்கணும்னு தோணிச்சு, படிக்கல. அதை நான் எடுத்துக்கிறேன். ஆனா நாளைக்கு வேற ஒருத்தர் கொட்டுவாங்க. அவங்களும் மனுஷங்கதான். வேர்க்கடலை மாவு இந்தக் கடையில திறந்த டப்பாவுக்குப் பக்கத்துலயே வரக்கூடாது. கட்டின பொட்டலமா மட்டும் விக்கணும். அதோட, மாவு ரொப்பறப்ப ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் சத்தமா படிக்கணும், ஒருத்தர் கொட்டணும்."

"அதுக்கு ஆள் எங்கேருந்து வரும்?" என்றார் வக்கீல்.

கதவோரம் நின்றிருந்த அவள் மகள் கையைத் தூக்கினாள். "நான் வர்றேன். மாசாமாசம்." நீச்சல் மாஸ்டர் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் கை தூக்கினார். "எனக்கு மூக்குதான் இல்ல. கண் நல்லாத் தெரியும்." அந்த மாதத்தில் முதல்முறையாகக் கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. குழந்தையின் தாய் கூட்டத்துக்கு வரவில்லை.

பிறகு வந்த சனிக்கிழமை முறையில் மகள் உரக்கப் படித்தாள், அம்மா கொட்டினாள். மகள் அவசரப்படுவாள், அம்மா இழுப்பாள். "பாசிப் பருப்பு. பாசி. பருப்பு. மூணாவது தடவை சொல்லட்டுமா?" "சொல்லு." வரிசையில் சாடியோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு அந்தத் தாயும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். தாய் டப்பா வரிசைப் பக்கமே வரவில்லை. முத்திரை போட்ட பொட்டலங்கள் இருக்கும் அலமாரிக்குப் போய், ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படித்துப் படித்துக் கூடையில் வைத்தாள். கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. முகத்தில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. மறுபடி பொட்டலத்தைப் படிக்கத் திரும்பினாள்.

பெண்தான் நேரே நடந்து வந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"நீங்கதானே அன்னைக்குக் கத்துனவங்க?"

"ஆமாம்மா."

"குளத்துல செருப்பு போட்டுட்டு ஓடக்கூடாது. எழுதிப் போட்டிருக்கு. நீங்க படிக்கலையா?"

"படிக்கல. தப்புதான்."

"ஆம்புலன்ஸ்ல என்னைப் படுக்க வச்சே கூட்டிட்டுப் போனாங்க. சைரன் போடச் சொன்னேன், போட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அம்மா உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லல. பேசுன்னும் சொல்லல."

"கண்ணு, வா, நேரமாச்சு" என்று அலமாரிப் பக்கமிருந்து தாயின் குரல் வந்தது. பெண் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு பில் போடும் இடத்துக்குப் போனாள். போகிற போக்கில் ஒரு கணம் நின்று, டப்பாக்களையும், மூட்டையோடு நின்ற அம்மாவையும், படிக்கக் குனிந்திருந்த மகளையும் பார்த்தாள். "நல்லா சத்தமா படிக்கச் சொல்லுங்க. இங்கே வரைக்கும் கேக்கல" என்றாள்.

மகள் நிமிர்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி அடுத்த மூட்டையின் பெயரைப் படித்தாள்.